வாங்கினவனுக்கு மட்டும் பூட்டு: கேம்களின் இரண்டாம் பாகங்களும் காப்பித் தடுப்பும் பற்றிச் சில குறிப்புகள்

போன மே மாதம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஆறு கேம் டிவிடிகள். எல்லாம் 2005-லிருந்து 2010 வரை நான் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். அப்போது புதுசாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாசம் ஒரு சனிக்கிழமை திருமுல்லைவாயலில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் வரை நடந்து போய் வாங்கி வந்தவை. அதே தெருவில் பத்தடி தள்ளி 50 ரூபாய்க்குக் காப்பி டிஸ்க் கிடைத்த காலம். "சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குறவன், சாஃப்ட்வேரைத் திருடக்கூடாது" என்று ஒரு வீம்பு எனக்கு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த பையன் பெட்டியைப் பார்த்ததும் விடவில்லை. ஒரு பிரபல ஆக்‌ஷன் அட்வெஞ்சர் வரிசையின் இரண்டாம் பாகத்தை எடுத்தான். (எந்த கேம் என்பது முக்கியமில்லை. அந்தக் காலத்து டிஸ்க் எதை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.) யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இன்ஸ்டால் ஒழுங்காக ஆச்சு. ஐகானைக் கிளிக் பண்ணினால், ஒன்றுமே நடக்கவில்லை. எரர் மெசேஜ்கூட இல்லை. டிஸ்க்கில் கீறல் இல்லை, கம்ப்யூட்டரில் குறை இல்லை.

அன்று சாயங்காலம் அவன் நண்பன் ஒருவன் பென் டிரைவில் அதே கேமைக் கொண்டுவந்தான். எங்கிருந்தோ இறக்கிய கிராக் பண்ணின காப்பி. கிளிக் பண்ணியதும் ஓடியது. பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஏன்ப்பா, அவன் ஓசியில எடுத்தது ஓடுது. நீ காசு குடுத்து வாங்கினது ஓடல. அப்ப நீ என்னத்தைத்தான் வாங்கின?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எடுத்த குறிப்புகள்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஓடவில்லை?

சிடி, டிவிடி காலத்துக் காப்பித் தடுப்பின் அடிப்படை ஒன்றுதான்: "ஒரிஜினல் டிஸ்க் டிரைவில் இருக்கிறதா?" என்று கேம் ஆரம்பிக்கும்போது பார்ப்பது. ஆனால் டிஸ்க்கை அப்படியே காப்பியடித்து எழுதினால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசத்தை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். மேக்ரோவிஷன் கம்பெனியின் சேஃப்டிஸ்க், வீட்டு ரைட்டர்கள் சரியாக எழுதத் திணறும் பிட் வரிசைகளை டிஸ்க்கின் சில இடங்களில் வைத்தது. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க்கில் அவை சரியாக இருக்கும், ரைட்டரில் எழுதியதில் தப்பாகும். செக்யூராம் இன்னொரு வழியில் போனது: டிஸ்க் சுற்றும்போது தகவல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அளந்து பார்த்தது. காப்பியடித்த டிஸ்க்கில் தகவல் அதேதான் இருக்கும், அது உட்கார்ந்திருக்கும் இடம் மாறிவிடும்.

இதையெல்லாம் நுணுக்கமாகப் பார்க்க, சாதாரண புரோகிராமுக்கு இருக்கும் அனுமதி பத்தாது. அதனால் சேஃப்டிஸ்க் ஒரு டிரைவர் கோப்பைப் பயன்படுத்தியது. டிரைவர் என்றால் விண்டோஸின் கருவறைக்குள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் நிரல். அர்ச்சகர் மாதிரி, அதை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்தது. அதாவது கேமே விளையாடாதவர் கம்ப்யூட்டரிலும் இருந்தது. 2007-ல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனராக உள்ளே வந்தவன் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அவசரமாகப் பேட்ச் போட்டது.

2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தச் சகவாசமே வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவருக்கு ஆதரவை எடுத்துவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் அதை முடக்கியது. பாதுகாப்புக் கோணத்தில் சரியான முடிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேஃப்டிஸ்க்கை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள் ஒரே நாளில் கோஸ்டர் ஆயின. கேம் கெட்டுப்போகவில்லை. பூட்டுக்குச் சாவி போடும் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். கிராக் பண்ணின காப்பியில் பூட்டே கிடையாது. அதனால் அது இன்றைக்கும் ஓடுகிறது.

ஒரே வரிசை, நாலு பூட்டு

இதை ஒரே கேம் வரிசையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் சென்டர் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

முதல் கேமை ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் II-க்கு எழுதி 1989-ல் வெளியிட்டார். அடுத்த வருஷம் டாஸ் பதிப்பு வந்தது. அதில் முதல் லெவல் முடிந்ததும் ஒரு அறை. தரையில் வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. கேமோடு வந்த கையேட்டில் இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தையின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தப்பாகக் குடித்தால் செத்துப்போவான். பூட்டுதான், ஆனால் கதைக்குள்ளேயே வைத்த பூட்டு. கையேடு கையில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. உங்கள் கம்ப்யூட்டரில் அது எதையும் தொடவில்லை.

2003-ல் யூபிசாஃப்ட் இந்த வரிசையை 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்று புதுப்பித்தது. 2004-ல் 'வாரியர் விதின்', 2005-ல் 'த டூ த்ரோன்ஸ்'. மூன்றும் ஒரே கதையின் மூன்று பாகங்கள். இந்த மூன்றாம் பாகத்தில் வந்தது ஸ்டார்ஃபோர்ஸ், ரஷ்யாவில் செய்த பூட்டு. இதுவும் கருவறைக்குள்ளே டிரைவர் போடும் வகை. கேமை அன்இன்ஸ்டால் பண்ணினாலும் டிரைவர் தங்கிவிடும், டிவிடி டிரைவின் வேகம் படுத்துவிடுகிறது, சில சமயம் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது என்று பயனர்கள் புகார் மேல் புகார் சொன்னார்கள். கம்பெனி மறுத்தது. டிரைவ் வேகக் குறைவுக்கு ஒரு தொழில்நுட்ப விளக்கம் சொல்லப்பட்டது: டிஸ்க்கைப் படிப்பதில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால் விண்டோஸ் எக்ஸ்பி அந்த டிரைவை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து ஆமை வேக பிஐஓ முறைக்குத் தானாக இறக்கிவிடும். டிஸ்க்கின் சிக்கலான இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பூட்டு அந்தப் பிழைக் கணக்கை ஏற்றிவிடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

2006 மார்ச்சில் இன்னொரு கூத்து நடந்தது. ஸ்டார்டாக் என்ற கம்பெனி 'கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2' கேமைக் காப்பித் தடுப்பே இல்லாமல் வெளியிட்டு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஸ்டார்ஃபோர்ஸின் விவாதப் பக்கத்தில் அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரே, அந்த கேமின் திருட்டுக் காப்பி எங்கே கிடைக்கிறது என்று லிங்க் போட்டார். பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள் என்று காட்டத்தானாம்! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த மாதமே யூபிசாஃப்ட் ஸ்டார்ஃபோர்ஸைக் கைவிட்டது.

2008-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' பிசி பதிப்பில் காப்பித் தடுப்பே கிடையாது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் 2010-ல் 'த ஃபர்காட்டன் சாண்ட்ஸ்' வந்தபோது நிலைமை தலைகீழ்: விளையாடும் நேரம் முழுக்க இன்டர்நெட் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். தனி ஆளாக விளையாடும் கேமுக்கு!

ஒரே இளவரசன், இருபது வருஷத்தில் நாலு நிலை: கையேடு, டிரைவர், ஒன்றுமில்லை, சர்வர். இவற்றில் எவை இன்றைக்கும் சிரமமில்லாமல் ஓட வாய்ப்பு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள். கையேட்டை ஸ்கேன் பண்ணி வைத்தால் போதும். பூட்டில்லாதது அப்படியே ஓடும். மற்ற இரண்டும் வேறு யாரோ ஒருவரின் தயவில் இருக்கின்றன.

256 கேபிபிஎஸ்-ல் "எப்போதும் ஆன்லைன்"

இந்த "எப்போதும் ஆன்லைன்" முறை பெரிய அளவில் அறிமுகமானது 2010 மார்ச்சில், 'அசாசின்ஸ் கிரீட் 2' பிசி பதிப்போடு. கேம் ஓடும்போது யூபிசாஃப்ட் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். வெளியான சில நாளிலேயே, மார்ச் 7-ம் தேதி, அந்த சர்வர்கள் தாக்குதலுக்கு ஆளாகிப் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் பலர் உள்ளே போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை வடிவமைத்தவர்கள் எந்த ஊர் இணைப்பை மனதில் வைத்திருந்தார்களோ, நிச்சயம் திருமுல்லைவாயலை இல்லை. 2004-ல் இந்திய அரசு போட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட். பல வீடுகளில் 2010-லும் அதே வேகம்தான். மாசத்துக்கு இவ்வளவு எம்பி என்று கணக்கு வேறு. தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை நாங்கள். மழை பெய்தால் ஃபோன் லைனில் கரகரவென்று சத்தம் வரும், மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். 2008-க்குப் பிறகு சில வருஷம் தமிழ்நாடு முழுக்க அறிவித்த மின்வெட்டு, அறிவிக்காத மின்வெட்டு என்று ஓடியது நினைவிருக்கும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கலாம். தெருமுனைப் பெட்டிக்கும் இருந்தால்தானே இணைப்பு நிற்கும்?

2011-ன் நடுவிலேயே அந்த முறையைக் கைவிட்டுவிட்டோம், இனி ஒருமுறை ஆக்டிவேஷன் போதும் என்று யூபிசாஃப்ட் 2012 செப்டம்பரில் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் அதற்குள் எங்கள் மாதிரி ஆட்கள் "எதுக்கு வம்பு" என்று ஒதுங்கியிருந்தோம். இந்தக் கம்பெனிக்கு 2008-லிருந்தே புனேயில் ஸ்டூடியோ இருக்கிறது, 2018-ல் மும்பையிலும் வந்தது. 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' மறு ஆக்கத்தை இந்த இரண்டு இந்திய ஸ்டூடியோக்களும்தான் செய்கின்றன என்று 2020-ல் அறிவித்தார்கள். 2022-ல் வேலை மாண்ட்ரியலுக்குப் போய்விட்டது. கேம் எழுத இங்கே ஆள் இருந்தார்கள். விளையாடத் தேவையான இணைப்பு எல்லார் வீட்டிலும் இல்லை.

கம்பெனியே கிராக் போட்ட கதை

2008 ஜூலையில் யூபிசாஃப்டின் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' கேமுக்கு ஒரு பேட்ச் வந்தது. டிஸ்க் இல்லாமல், டவுன்லோடாக வாங்கியவர்களுக்கும் அது "டிஸ்க்கைப் போடு" என்று கேட்க ஆரம்பித்தது. இல்லாத டிஸ்க்கை எங்கே போய்ப் போடுவது? கொஞ்ச நாளில் கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஒரு கோப்பு வந்தது, பிரச்சினை தீர்ந்தது. பயனர்கள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே 'ரீலோடட்' என்ற கிராக் குழுவின் கையெழுத்து! திருடர்கள் செய்த கிராக்கையே கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்தது.

2010-ல் இதே மாதிரி இன்னொன்று. ராக்ஸ்டார் ஸ்டீமில் விற்ற 'மேக்ஸ் பெய்ன் 2' கோப்புக்குள் 'மித்' என்ற பழைய கிராக் குழுவின் அடையாளம் கிடைத்தது. 2003 கேமின் பூட்டைக் கழற்ற, அதைப் போட்டவர்களுக்கே வெளியாள் உதவி தேவைப்பட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்குள் அசல் வீட்டுக்காரரே சாவியைத் தொலைத்துவிடுகிறார் என்றால், வாடகைக்கு இருக்கிற நாம் எம்மாத்திரம்?

கம்பெனி பக்க நியாயம்

ஒருதலைப்பட்சமாக எழுதக்கூடாது. திருட்டு உண்மையான பிரச்சினை. பர்மா பஜாரும் ரிச்சி ஸ்ட்ரீட்டும் எப்படி இருந்தன என்று நமக்கே தெரியும். தமிழ்நாட்டில் 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள் என்றால் அது சினிமாக்காரர்களுக்கு எவ்வளவு வலித்திருக்க வேண்டும்!

கேமுக்கும் சினிமா மாதிரிதான், முதல் சில வாரம்தான் பெரிய வசூல். இரண்டாம், மூன்றாம் பாகம் என்றால் இன்னும் அதிகம். முதல் பாகம் பார்த்தவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அந்தச் சில வாரம் கிராக் வராமல் தடுத்தால் போதும் என்பது கம்பெனிக் கணக்கு. அந்தக் கணக்கில் பூட்டு சில சமயம் ஜெயித்தும் இருக்கிறது. 2005-ல் வந்த 'ஸ்ப்ளின்டர் செல்: கேயாஸ் தியரி', அந்த வரிசையின் மூன்றாம் பாகம், ஸ்டார்ஃபோர்ஸ் பூட்டோடு ஒரு வருஷத்துக்கும் மேல் கிராக் ஆகாமல் தாக்குப்பிடித்தது. 2014-ல் வந்த டெனுவோ (செக்யூராம் செய்தவர்களின் வழித்தோன்றல்தான்) இன்றுவரை நிற்பதும் அதனால்தான்.

திருடினவனை மட்டும் தொந்தரவு பண்ணும் புத்திசாலித்தனமும் உண்டு. 2009-ல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' திருட்டுக் காப்பியில் பேட்மேனால் மேலங்கியை விரித்து மிதக்க முடியாது, தொப்பென்று விழுவார். ஒருவர் கம்பெனி பக்கத்திலேயே போய் "இது பக்-ஆ?" என்று கேட்டு மாட்டிக்கொண்டார். காசு கொடுத்தவருக்கு இதனால் ஒரு துளி கஷ்டம் கிடையாது.

என் குறை இதுதான்: இரண்டாம் பாகத்தை முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குபவர் யார்? அந்த வரிசையின் மிக விசுவாசமான ரசிகர். பூட்டின் முழுப் பாரமும் விழுவது அவர் தலையில். கிராக் வந்த பிறகு ஓசியில் எடுப்பவன் பூட்டையே பார்ப்பதில்லை. 2021-ல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' வந்தபோது ஜாம்பியைச் சுடும் இடங்களில் படம் திக்கித் திக்கி ஓடியது. கிராக் பண்ணின காப்பியில் அந்தத் திக்கல் இல்லை என்று டிஜிட்டல் ஃபவுண்ட்ரி சோதித்துக் காட்டியது. அதே ஜூலையில் கேப்காம் காப்பித் தடுப்பைச் சரிசெய்து பேட்ச் விட்டது. அந்த வருஷக் கடைசியில் இன்டெலின் புதுச் செயலிகள் வந்தன: பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை ஒரே சில்லில். சில பூட்டுகள் இதை இரண்டு வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்து கேமை நிறுத்தின. பாதிக்கப்பட்டவை என்று இன்டெல் வெளியிட்ட பட்டியலில் 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா'வும் இருந்தது. காசு போட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்குக் கிடைத்த பரிசு.

இன்னொன்று, பாகம் பாகமாக வரும் கதைக்கு மட்டும் உரிய நஷ்டம். எங்கள் பாட்டி வீட்டில் கல்கி தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். அதில் மூன்றாம் பாகம் மட்டும் ஒருநாள் திறக்காமல் போனால் மற்ற நாலை என்ன செய்வது? கேம் வரிசையில் அதுதான் நடக்கிறது. நாலாம் பாகம் வந்ததும் புது ஆட்கள் முதல் பாகத்திலிருந்து விளையாட ஆசைப்படுவார்கள். நடுவில் ஒன்று செத்துக் கிடக்கும்.

நானே போட்ட பூட்டு

இவ்வளவு பேசுகிறேனே, நானும் ஒரு பூட்டு எழுதியவன்தான். பிஇ முடித்ததும் முதல் வேலை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். லேத் பட்டறை, பிரஸ் ஷாப் மாதிரி சிறு தொழிற்கூடங்களுக்கு ஸ்டாக், பில்லிங் புரோகிராம் செய்து விற்போம். கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டாங்கிள் ஒன்று கூடவே கொடுப்போம். அது இல்லாவிட்டால் புரோகிராம் ஓடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் டாங்கிள் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனை எழுதினது நான். இல்லை என்றால் புரோகிராமை மூடு. "மூடுறதுக்கு முன்னாடி சேவ் பண்ணலாமா?" என்று கேட்டதற்கு "திருடறவனுக்கு எதுக்கு சேவ் பண்ணித் தரணும்?" என்றார் டீம் லீடர். எனக்கும் அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஒரு மார்ச் 31-ம் தேதி ராத்திரி, பாடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடமிருந்து ஃபோன். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் டாங்கிள் போய்விட்டது. வருஷக் கடைசிக் கணக்கு, அன்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து ஏற்றிய என்ட்ரி எல்லாம் போச்சு. "தம்பி, நான் காசு குடுத்துதானே வாங்கினேன்? பக்கத்துப் பட்டறைக்காரன் உங்க சாஃப்ட்வேரையே எவன்கிட்டயோ உடைச்சு வாங்கி ஓட்டறான். அவனுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். கோபம்கூட இல்லை குரலில். நான் "சாரி சார், காலையில புது டாங்கிள் எடுத்துட்டு வரேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து என் பையன் கேட்டதும் அதே கேள்விதான். அதனால்தான் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த டாங்கிள் செய்பவரும் இல்லை. மூலநிரல் எங்கே போனதோ தெரியாது. பூட்டு மட்டும் எங்கேயாவது ஒரு பழைய கம்ப்யூட்டரில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை. படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-ம் பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராமைச் சட்டப்படி வைத்திருப்பவர், தொலைந்துபோனால், கெட்டுப்போனால் என்ற பாதுகாப்புக்காக பேக்கப் எடுத்துக்கொள்வது மீறல் ஆகாது என்கிறது. 2012-ல் திருத்தம் வந்து 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, கூட அபராதமும். ஆனால் ஒரு முக்கியமான வார்த்தை இருக்கிறது: உரிமையை மீறும் *எண்ணத்தோடு* உடைத்தால். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வது குற்றமில்லை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 1998-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் நம்முடையது கொஞ்சம் நிதானமானது. அங்கே பூட்டை உடைப்பதே தனித் தவறு.

இதில் ஒரு வேடிக்கை: இப்படி நியாயமான காரியத்துக்குப் பூட்டைத் திறக்க வேறொருவருக்கு உதவினால், அவர் பெயர், விலாசம், நோக்கம் எல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டுமாம். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் லெட்ஜர் வைத்து எழுதுவதைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன்.

வாங்குவதற்கு முன் நாலு கேள்வி

இப்போது எந்த கேம், எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் நான் கேட்டுக்கொள்வது இவைதான். பூட்டு எழுதுபவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

1. இணைப்பு இல்லாத நாளில் ஓடுமா?
2. கம்ப்யூட்டர் மாற்றினால், ஹார்ட் டிஸ்க் போனால், யாரிடமும் கெஞ்சாமல் திரும்பப் போட முடியுமா?
3. அன்இன்ஸ்டால் பண்ணினால் முழுசாகப் போகுமா, டிரைவர் எதையாவது விட்டுவிட்டுப் போகுமா?
4. விற்ற கம்பெனி நாளைக்கு மூடினால் என்ன ஆகும்?

நாலுக்கும் நல்ல பதில் தருபவர்கள் இல்லாமல் இல்லை. போலந்தின் சிடி புராஜெக்ட் 2011-ல் 'த விட்சர் 2' வெளியிட்டபோது டிஸ்க் பதிப்பில் செக்யூராம் இருந்தது. சில நாளிலேயே பேட்ச் போட்டு அதை எடுத்துவிட்டார்கள், கேம் முன்பைவிட வேகமாக ஓடியது. 2015-ல் மூன்றாம் பாகத்தைப் பூட்டே இல்லாமல் விற்றார்கள். அது உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. அவர்கள் 2008-ல் ஆரம்பித்த ஜிஓஜி கடையில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா முத்தொகுதியும் இப்போது பூட்டில்லாமல் கிடைக்கிறது, ஸ்டார்ஃபோர்ஸ் போட்ட மூன்றாம் பாகம் உட்பட.

மெக்னரின் முதல் கேமுக்கும் ஒரு நல்ல முடிவு உண்டு. தொலைந்துவிட்டது என்று நினைத்த ஆப்பிள் II மூலநிரல் பிளாப்பிகள் 2012-ல் அவர் அப்பாவின் வீட்டுப் பெட்டி ஒன்றில் கிடைத்தன. பழைய இயந்திரங்கள் வைத்திருக்கும் ஆர்வலர்கள் கூடி அதைப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதை எல்லாரும் பார்க்க கிட்ஹப்பில் போட்டுவிட்டார். எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த பெட்டியைப் பார்க்கும்போது அந்த அப்பா ஞாபகம் வருகிறது.

பையன் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். நண்பனின் பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நான் ஏற்கெனவே வாங்கிய கேமை, பூட்டில்லாத பதிப்பாக, தள்ளுபடியில் இன்னொரு முறை வாங்கினேன். "ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை காசா?" என்றான். ஆமாம், இரண்டு தடவைதான். பதில் சொல்ல முடியவில்லை. இன்ஸ்டால் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை அதே அட்டைப்பெட்டிக்குள் பழைய டிவிடியோடு வைத்து, மேலே தேதி எழுதிப் பரணில் ஏற்றிவிட்டேன். இருபது வருஷம் கழித்து அவன் எடுத்துப் போட்டுப் பார்க்கட்டும். ஓடினால் எனக்கு ஒரு ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.